நான் கொடுத்த கையுறை

மானிப்பாயில் வீதியோரமாக, தகரக்கூரை போட்ட ஒரு மரவேலைப் பட்டறையில் நான் வேலை செய்கிறேன். கதவு, யன்னல், நிலை செய்வோம். மூன்று பேர். என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், குருநகரிலிருந்து வரும் ஒருவர், பிறகு நான். என்னை அந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் அத்தான்தான். பத்தாம் வகுப்போடு நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருந்தவனைக் கூட்டிக்கொண்டுபோய் முதலாளியிடம் விட்டார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவ்வளவு காலத்தில் நான் அவருக்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல நினைத்ததும் இல்லை.

முதலாளி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கதவுகள் செய்து கொடுக்கும் வேலையை எடுத்திருந்தார். மின்சார வாளில் வேலை செய்பவர்களில் ஒருவராவது பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று கட்டடக்காரர்கள் கேட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி. அத்தானைத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். எங்கள் பட்டறையில் வாள்மெசினில் நிற்பவர் அவர். பலகையைப் பார்த்தே அது எங்கே வளையும், எங்கே சிக்கும் என்று சொல்லுவார். ஆனால் அவர் போகமாட்டேன் என்றார்.

"என்னத்தைப் படிப்பிக்கப் போறாங்கள்? வாள் வெட்டும் எண்டோ? தம்பியை அனுப்புங்கோ. அவன்தான் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பான்."

குருநகர்க்காரர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கேட்டுக்கொண்டு வருவான், அது சரி. வந்து எங்களுக்கு என்னெண்டு சொல்லுவான் அண்ணை? கடிதமோ போடுறது?"

நானும் சிரித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. பஸ்ஸில் இறங்குமிடத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பிடம்வரை போய்த் திரும்பி நடந்து வருகிற ஆள் நான்.

பயிற்சி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. இருபது பேரளவில் வந்திருந்தார்கள். மர வேலைக்காரர், அலுமினியம் வெட்டுகிறவர்கள், கல் அறுப்பவர்கள். சொல்லித் தந்தவர் ஒரு பெண். என்னைவிட வயது குறைந்தவர். சத்தம் போடாமல், ஒவ்வொன்றையும் மெசினில் செய்து காட்டிச் சொன்னார். வாளின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு வெட்டக் கூடாது. வாளுக்குப் பின்னால் நிற்கும் தகட்டையும் கழற்றக் கூடாது. வெட்டுப்பட்ட பலகை மீண்டும் ஒட்டிக்கொண்டு வாளை இறுக்காமல் காப்பது அதுதான். வாளுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். சிறிய துண்டைக் கையால் தள்ளாமல் தடியால் தள்ள வேண்டும். வாள் மாற்றும்போது சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே இழுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

சுற்றும் மெசினுக்குப் பக்கத்தில் கையில் எதுவும் தொங்கக் கூடாது என்று சொல்லும்போது, முன்வரிசையில் இருந்த ஒருவரின் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் கோயில் நூல் இருந்தது.

"உந்த நூலைக் கழட்டோணும் ஐயா."

"கழட்டேலாது பிள்ளை. நேத்திக்குக் கட்டினது."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, கழட்ட வேண்டாம். ஆனா நூல் கட்டியிருக்கிற நாளிலை மெசினுக்குக் கிட்டப் போகாதேங்கோ. அரத்தாள் போட்டுப் பலகையைத் தேயுங்கோ, பொலிஷ் அடியுங்கோ, வேறை வேலை எத்தினை இருக்கு. நூலுக்கும் மரியாதை, கைக்கும் மரியாதை" என்றார்.

இரண்டாம் நாள் காலையில்தான் எனக்கு வந்தது சோதனை. பின்னேரம் ஒவ்வொருவரும் முன்னுக்கு வந்து ஒரு விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றார் அந்தப் பெண். எனக்கு வந்தது மேல்மூடி. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் பேசும்போது நான் குனிந்தபடி என் நாலு வசனத்தையே மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர் நீர்வேலிப் பக்கத்து ஆள். நீலச் சட்டை போட்டிருந்தார். கையை விரித்து விரித்துப் பேசினார். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவில்லை. பிறகு என் முறை வந்தது. நாலு வசனத்தையும் சொல்லிவிட்டு வந்து இருந்தேன். கை தட்டினார்கள். என் கொப்பியில் அந்தப் பின்னேரத்துக்கான பக்கம் வெறுமையாக இருந்தது.

முடிவில் எல்லோருக்கும் ஒரு பை தந்தார்கள். கண்ணாடி, காது மூடி, தூசி மறைப்பு, ஒரு சோடி கையுறை.

பட்டறைக்குத் திரும்பிய பின் நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. செய்தேன். எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருந்த மேல்மூடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் பூட்டினேன். வேப்பந்துண்டில் ஒரு தள்ளுதடி செய்து மெசினின் பக்கத்தில் தொங்கவிட்டேன். அத்தான் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"மெசினுக்குத் தொப்பி போட்டிட்டியோ? சரி, கிடக்கட்டும்."

அவர் அதைக் கழற்றவில்லை. எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. வாய் திறக்காமலே எல்லாவற்றையும் நடத்திவிடலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் கந்தசட்டி வந்தது. அத்தான் வருடா வருடம் பிடிக்கும் விரதம். அந்த வருடம் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வவுனியாவில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கு ஏழு வருடமாகப் பிள்ளை இல்லை. மகளுக்காக நேர்ந்துகொண்டார். முதல் நாள் காலை இணுவிலில் கோயிலுக்குப் போய், ஐயரிடம் வலக்கையில் காப்புக் கட்டிக்கொண்டு நேரே வேலைக்கு வந்தார். தர்ப்பையோடு முறுக்கிய நூல். ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும், பின்னேரப் பூசைக்குப் பிறகு பாலும் பழமும். சூரன்போர் முடிந்து அடுத்த நாள் விரதம் முடிக்கும் பாறணைக்குத்தான் காப்பை அவிழ்ப்பார்கள். அதற்கு முன் அவிழ்ப்பது என்ற பேச்சே இல்லை.

குருநகர்க்காரர் கத்தோலிக்கர். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "எங்கடை தபசுகாலம் நாற்பது நாள் எண்டாலும் மச்ச மாமிசம் மட்டும்தான் இல்லை. உங்களுக்குச் சோறுமில்லை. உங்கடை ஆள் கொஞ்சம் கண்டிப்பு அண்ணை."

"கண்டிப்பானவர்தான் தருவார்" என்றார் அத்தான்.

நான் அந்த நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சுக்கு வெளியே இரண்டு நுனியும் அரை விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அவர் பலகையைத் தள்ளும்போது அந்த நுனிகள் பலகையின் மேல் இழுபட்டன. அந்தப் பெண் சொன்ன பதில் எனக்குத் தெரியும். ஆறு நாளைக்கு அவர் அரத்தாள் போட வேண்டும், மெசினில் நான் நிற்க வேண்டும். ஒரே ஒரு வசனம். காலையிலிருந்து அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பத்து மணிக்கு ஒருவாறு கிட்டப் போனேன்.

"அத்தான், நூலோடை மெசினிலை நிக்கிறது ஆபத்தெண்டு அங்கை சொன்னவை."

அவர் மெசினை நிறுத்தவில்லை. "ரெண்டு நாள் படிச்சுப்போட்டு வந்து முருகனுக்கும் சட்டம் சொல்லுறியோ?"

அவர் கோபித்துச் சொல்லவில்லை. ஆனால் குருநகர்க்காரர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. அங்கேயே நின்றேன். திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. அப்போதுதான் பையில் இருந்த கையுறை ஞாபகம் வந்தது. பின்னல் கையுறை. மணிக்கட்டை மூடி இறுக்கிப் பிடிக்கும். அதை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

"அப்ப இதையெண்டாலும் போடுங்கோ அத்தான். நூல் உள்ளுக்கை நிக்கும்."

அவர் வாங்கிப் பார்த்தார். "இது நல்ல யோசினை. காப்பிலை தூசியும் படாது" என்று போட்டுக்கொண்டார். "பாத்தியே, உன்ரை படிப்பும் உதவுது."

அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது.

நாலாம் நாள் மதியம் அத்தானுக்குத் தலை சுற்றியது. மெசினை நிறுத்திவிட்டுப் பலகை அடுக்கில் இருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. குருநகர்க்காரர் தன் பிளாஸ்கிலிருந்து பால்தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். "குடியுங்கோ அண்ணை. விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?" அத்தான் மாட்டேன் என்றார். பிறகு வாங்கி அரைக் கோப்பை குடித்தார். குடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த நாள் காலை அத்தான் பள்ளிக்கூடத்துக் கதவுகளுக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். நான் மறுமுனையில் பலகையை வாங்கிக்கொண்டிருந்தேன். மூடியும் இருந்தது, தள்ளுதடியும் இருந்தது. ஒரு மெல்லிய சிராய் மூடியின் ஓரத்தில் சிக்கி நின்றது. அதைத் தட்டிவிட வலக்கையை நீட்டினார். விரல் வாளில் படவில்லை. கையுறையின் விரல்நுனியில் தேய்ந்து நின்ற ஓர் இழைதான் பட்டது. நான் எதிரே நின்று பார்த்தேன். இழை பட்டது, கை போனது. அவர் கையைக் கொண்டுபோகவில்லை; வாள் இழுத்துக்கொண்டது.

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்தேன். குருநகர்க்காரர் தோளில் கிடந்த துவாயால் கையைச் சுற்றி உயர்த்திப் பிடித்தார். "ஓட்டோவைக் கூப்பிடடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். வீதியில் இறங்கி முன்பின் தெரியாத ஓர் ஓட்டோவை மறித்தேன். சந்தியில் மீன் விற்பவரிடம் ஓட்டோவை நிறுத்தி ஐஸ் வாங்கச் சொன்னவரும் குருநகர்க்காரர்தான். கிழிந்த கையுறைத் துண்டில் இருந்த விரல்களை ஒரு பையில் சுற்றி, அதை ஐஸ் பைக்குள் வைத்து என் மடியில் தந்தார். பெரியாஸ்பத்திரி வரைக்கும் அதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு தாதி மணிக்கட்டில் ஒட்டியிருந்த கையுறை மிச்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார். அதோடு காப்பும் வெட்டுப்பட்டது. அத்தான் அவ்வளவு வலியிலும் அதைப் பார்த்தார். "ஐயோ, காப்பு" என்றார். விரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் டாக்டர் வெளியே வந்தார். இளம் ஆள். களைத்திருந்தார்.

"ரெண்டு விரலும் பொருத்தேலாது. நேரா வெட்டுப்பட்டிருந்தா முயற்சி செய்திருக்கலாம். இது இழுத்துப் பிய்ச்சிருக்கு." பிறகு கேட்டார்: "சுத்துற வாளிலை ஆர் கையுறை போடச் சொன்னது? கையுறை போடாமல் இருந்தா தோல் கிழிஞ்சதோடை போயிருக்கும்."

அக்கா என் பக்கத்தில் நின்றார். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துத்தான் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். நான் எப்போதும் நிலத்தைப் பார்க்கிற ஆள் என்பதால் யாரும் அதை வித்தியாசமாக எடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்தேன். அந்த வெறும் பக்கம்வரை எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. நீலச் சட்டைக்காரர் கையை விரித்து விரித்துக் காட்டியது எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. பலகை தூக்க, வாள் மாற்றத்தான் கையுறை தந்திருக்கிறார்கள். வாள் சுற்றும்போது கையுறை போடவே கூடாது. அதை என் காதுக்கு எட்டும் தூரத்தில் நின்று ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார்.

அத்தான் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சூரன்போர் அவர் இல்லாமலே நடந்தது. நான் தினமும் போய்க் கட்டிலடியில் நின்றுவிட்டு வருவேன். சொல்லத்தான் போவேன். அவர் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. அவருக்கு யாரிடமும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. காரணம் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. அக்கா குசினி அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

"இவர் சாப்பிடுறாரில்லை. விரதத்திலை தேத்தண்ணி குடிச்சவராம். அதுதானாம் காப்பும் அறுந்தது. மகளின்ரை காரியம் தன்னாலைதான் கெட்டதெண்டு இருக்கிறார். பிள்ளை ரெலிபோன் எடுத்தாலும் கதைக்கிறாரில்லை. இனி அவளுக்குக் குழந்தைப் பாக்கியம் இல்லையாம்." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அரைக் கோப்பை தேத்தண்ணிக்கு ரெண்டு விரல் எடுக்கிற கடவுளும் இருக்குமோடா?"

நான் எழும்பி அவர் இருந்த அறைக்குப் போனேன். துணிச்சல் வந்து போகவில்லை. குசினியில் அக்காவின் முன்னால் அதற்கு மேல் நிற்க முடியாமல்தான் போனேன்.

அவர் யன்னலைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தார். கட்டுப்போட்ட கை தலையணையின் மேல் இருந்தது.

"அத்தான், அது தேத்தண்ணியாலை இல்லை."

அவர் திரும்பவில்லை. "உனக்கென்ன தெரியும்?"

"கையுறையாலை. சுத்துற வாளிலை கையுறை போடக் கூடாது. அது இழுக்கும். பயிற்சியிலை சொன்னவை. நான் கேக்கேல்லை. என்ரை முறை வரப்போகுதெண்ட பயத்திலை இருந்திட்டன். டாக்டரும் அதைத்தான் கேட்டவர், ஆர் போடச் சொன்னதெண்டு. நான் வாய் திறக்கேல்லை." நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று தெரிந்தது. "நூலோடை நிக்கிற நாளிலை மெசினை விட்டிட்டு வேறை வேலை செய்யச் சொன்னவை. அதுவும் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லக் கூச்சத்திலைதான் கையுறையைத் தந்தனான்."

அவர் இப்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப, அது கோயில் காரியமில்லை?"

"இல்லை அத்தான். என்ரை காரியம்."

அவர் இடக்கையால் கட்டிலைத் தடவி ரெலிபோனை எடுத்தார். பழக்கமில்லாத கையால் மகளின் பெயரைத் தேட நேரமெடுத்தது. எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். "விடு" என்றார். தானே தேடி எடுத்தார்.

"பிள்ளை, நான் அப்பா. ஒண்டுக்கும் யோசியாதை. கையுறை சிக்கி வந்தது. ஓம், வெறும் கையுறை. கோயிலோடை ஒரு பிழையும் இல்லை. நீ டாக்டரிட்டைப் போறதை நிப்பாட்டாதை." அவள் அங்கே அழுவது எனக்கும் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ போ" என்றார்.

அன்றிரவு அவர் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னார். ஆனால் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அக்காவும் சில நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வழமைபோலப் பேசினார். அத்தான் பேசவில்லை. தைப்பொங்கலுக்கு நான் போனபோது எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். மாசியில் வேலைக்குத் திரும்பினார். மெசினுக்குப் போகாமல் ஒரு மூலையில் இருந்து, இடக்கையால் கதவுகளுக்கு அரத்தாள் போட்டார். தேவையானதைக் குருநகர்க்காரரிடம் சொல்லுவார், அவர் என்னிடம் சொல்லுவார். "நான் என்ன, தபால்காரனோ?" என்று ஒருநாள் அவர் கத்தினார். அப்போதும் அத்தான் வாய் திறக்கவில்லை.

இதை எழுதும்வரை அவருடைய மகளுக்குப் பிள்ளை இல்லை. டாக்டரிடம் போய் வருகிறாள்.

பங்குனியில் முதலாளி தன் மற்றப் பட்டறை ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அவர்களுக்கு வாள்மெசினைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார். ஏழெட்டுப் பேர் மெசினைச் சுற்றி நின்றார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு இனி வழியில்லை. கொப்பியைக் கையில் வைத்திருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. முதலில் பிளக்கை இழுத்துவிட்டேன். பிறகு மூடி, தகடு, தள்ளுதடி. வாளுக்கு நேரே நிற்க வேண்டாம் என்று நின்று காட்டினேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். கடைசியில் கையுறைக்கு வந்தேன்.

"வாள் சுத்தேக்கை கையுறை போடக் கூடாது. காப்பு, மோதிரம், நூல் ஒண்டும் இருக்கக் கூடாது. நூல் கட்டின நாளிலை மெசினுக்கு வராதேங்கோ. இஞ்சை ஒருத்தருக்கு இதாலை விரல் போனது. இன்னொருத்தர் தெரியாமல் குடுத்த கையுறை..."

"ஆர் ஒருத்தர்?"

மூலையிலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள். அத்தான் அரத்தாளைக் கீழே வைத்திருந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒருத்தர், இன்னொருத்தர் எண்டா இவைக்கு என்னெண்டு விளங்கும்? நான்தான் எண்டு சொல்லு. நீதான் குடுத்தனி எண்டும் சொல்லு. ஏன் குடுத்தனி எண்டதையும் சொல்லு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்தேன். அவர் அரத்தாளை மறுபடி எடுக்காமல் காத்திருந்தார்.

நான் கையுறையை நீட்டிய அந்தக் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.